நூலில்லாப் பட்டம்

ஆகாயத்திற் பறக்கவேண்டுமென்ற ஆசை மனிதனுக்குப் புதிதன்று. இலங்கையையும் விமானத்தையும் சேர்த்துப் பேசுவோர் புட்பக விமானத்தை மறப்பதில்லை. ஆயினும், பறக்கும் பொறியொன்றை மனிதன் எவ்வாறு இயக்குவான் என்ற கற்பனையைத் தமிழில் தெளிவாகக் காண விரும்புவோர் சீவக சிந்தாமணியையே நாடவேண்டும். சச்சந்தன் என்னும் அரசன், கருவுற்ற தன் தேவி விசயைக்காக ஒரு தச்சனைக் கொண்டு மயிற்பொறி செய்விக்கின்றான். பொறியை வலப்புறம் முறுக்கினால் அது மேலெழும். இடப்புறம் முறுக்கினால் நிலத்தில் இறங்கும். அரசி அதனை ஓட்டிப் பழகுகின்றாள்.

திருத்தக்கதேவர் பாடியது காவியம், பொறியியல் நூலன்று. அதனை ஆதாரமாகக் காட்டி, நம் முன்னோர் அன்றே விமானம் கட்டினர் என வாதிடுதல் அறிவுடைமையாகாது. ஆனால் ஒன்று மட்டும் நம் சிந்தனைக்குரியது. பறந்தால் மட்டும் போதாது, சொன்னபடி பறக்கவேண்டும் என்பதை அப்புலவர் உணர்ந்திருந்தார். மனிதன் தரையில் நின்றுகொண்டே, நூலோ கயிறோ இன்றி, வானொலி அலையினால் ஒரு சிறு விமானத்தைச் சொன்னபடி பறக்கச்செய்யும் கலையின் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

"படிக்கிற பிள்ளைக்கு இது வேண்டாத விளையாட்டு" என்பார் நம்மிடையே பலருளர். "பணக்காரர் பொழுதுபோக்கு" என்பார் வேறு சிலர். இவ்விரு கூற்றுக்களும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வரலாறே கூறட்டும்.

பொம்மையே முன்னோடி

மனிதனைச் சுமக்கும் விமானம் முதலில் வந்தது, அதைப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பொம்மை விமானம் செய்தார்கள் என்றே நம்மிற் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. பொம்மையே முந்தியது.

1871 ஓகஸ்ட் 18-ஆந் திகதி பரிஸ் நகரத்துத் துய்லரீ பூங்காவில் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞன், முறுக்கிய இறப்பர் நாடாவினால் இயங்கும் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டான். அது 11 விநாடி நேரம் பறந்து, 40 மீற்றர் தூரம் சென்று இறங்கியது. அப்போது அவனுக்கு வயது 21. நம்மைப் போன்ற ஒரு பட்டதாரி மாணவனின் வயதென்க. அவன் செய்த புதுமை இறப்பரில் இல்லை, வாலில் இருந்தது. பின்னால் ஒரு சிறு சிறகை ஏற்ற கோணத்தில் அமைத்தால், காற்று மோதி விமானம் தலைகவிழ முயலும்போதும் அது தானாகவே நிமிரும் என்பதை அவன் கண்டான். இன்றும் கோடிக்கணக்கானோர் ஏறிச்செல்லும் விமானங்களின் வாலில் அந்த 40 மீற்றர்ப் பறப்பின் பாடம் அடங்கியிருக்கிறது. பெனோ தன் 30-ஆவது வயதிலேயே மறைந்தான். அவனுடைய பொம்மைகள் மறையவில்லை.

1878-இல் அமெரிக்காவில் மில்ற்றன் றைற் என்னும் பாதிரியார், பெனோவின் அமைப்பைத் தழுவிய, இறப்பரினாற் சுழன்றெழும் ஒரு பொம்மையைத் தம் பிள்ளைகளுக்கு வாங்கிவந்தார். அப்பிள்ளைகளே வில்பர், ஓர்வில் என்போர். மிசன் பாடசாலையிற் படித்த எங்களுக்கு றைற் சகோதரரின் கதை விடாமுயற்சிக்கு உதாரணமாகப் பலமுறை சொல்லப்பட்டதுண்டு. ஆனால் அக்கதையில் மிகச் சுவையான பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகும். சிறுவரிருவரும் அப்பொம்மையைப் பார்த்துத் தாமே பல செய்தனர். சிறியவை நன்கு பறந்தன; பெரிதாகச் செய்யச் செய்யப் பறக்க மறுத்தன. காரணம் அவர்களுக்கு அப்போது விளங்கவில்லை.

காரணம் எளியதே. ஒரு விமானத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும். பாரமோ எட்டு மடங்காகும். ஆகவே சிறகின் ஒவ்வொரு சதுர அடியும் முன்னையிலும் இருமடங்கு பாரத்தைச் சுமக்கவேண்டி வருகிறது. இந்தக் கணக்கை மதியாதவர் எவரையும் ஆகாயம் மதிப்பதில்லை. அமெரிக்கப் பேரறிஞர் சாமுவேல் லாங்லி 1896 மே 6-ஆந் திகதி, நீராவியால் இயங்கும் ஆளில்லா மாதிரி விமானமொன்றைப் பொற்றோமாக் ஆற்றின்மீது ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் பறக்கவிட்டார். தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் அருகில் நின்று அதனைப் படம் பிடித்தார். ஆனால் லாங்லி அதனைப் பெருப்பித்து ஆளை ஏற்றி 1903-இல் இருமுறை முயன்றபோது, இருமுறையும் விமானம் ஆற்றில் வீழ்ந்தது. அவ்வாண்டு டிசெம்பர் 17-இல் வெற்றி கண்டவர் றைற் சகோதரர். அவர்கள் 1899-இல் தம் ஆராய்ச்சியைத் தொடங்கியது ஒரு பட்டத்தைக் கொண்டு என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. சிறகின் நுனிகளை முறுக்கினால் பறவை போலச் சாய்ந்து திரும்பலாம் என்பதை ஐந்தடிப் பட்டமொன்றிலேயே அவர்கள் முதலிற் சோதித்தனர்.

முச்சை கட்டும் கலை

பட்டம் என்றதும் யாழ்ப்பாணத்தவர் நெஞ்சம் நிமிரும். நியாயமே. கொக்குப்பட்டம், பிராந்துப்பட்டம், எட்டுமூலைப்பட்டம் என்று எத்தனை வகை! தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வாடைக்காற்றில் ஏறும் பட்டங்களைக் கண்டோர், பறப்பியல் என்பது நமக்கு அந்நியமான சாஸ்திரம் என்று கூறத் துணியார்.

பட்டம் கட்டுவதில் மூங்கில் சீவுவதும் தாள் ஒட்டுவதும் பாதி வேலைதான். மற்றப் பாதி முச்சை கட்டுவது. முச்சையின் மேற்கயிறு ஒரு விரற்கடை குறுகினால் பட்டம் காற்றிற்குப் படிந்து கொடுக்கும். நீண்டால் காற்றை நிமிர்ந்து எதிர்க்கும். ஒரு பக்கம் பாரமானால் சுழன்று குத்தும். வாலின் நீளம் கூடினால் சோம்பும், குறைந்தால் துள்ளும். முச்சை கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர், பட்டத்தை ஏற்றிப் பார்த்து, இறக்கி, ஒரு முடிச்சை அவிழ்த்துக் கட்டி, மறுபடி ஏற்றிப் பார்ப்பார். ஒரே முறையில் இரண்டு முடிச்சைத் தொடமாட்டார். இரண்டையும் மாற்றினால் எந்த முடிச்சு நோயைத் தீர்த்தது என்பது தெரியாது போகுமன்றோ?

மாதிரி விமானத்தைச் செம்மை செய்யும் முறையும் இதுவேயாம். முதலில் தராசுப் பார்வை. சிறகின் முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி, சிறககலத்தின் காற்பங்கிற்கும் மூன்றிலொரு பங்கிற்கும் இடையில் இரு சுட்டுவிரல்களையும் வைத்து விமானத்தைத் தூக்கவேண்டும். அது சமமாக நிற்றல் வேண்டும். வால் தாழ்ந்தால் பற்றரியை முன்னே நகர்த்தவேண்டும். அல்லது மூக்கில் சிறிது ஈயம் சேர்க்கவேண்டும். வால் கனத்த விமானத்தைப் பறக்கவிடுவது கடிவாளமில்லாக் குதிரையில் ஏறுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, காற்றடங்கிய காலைப் பொழுதில், புல்லோ மணலோ உள்ள இடத்தில், இயந்திரத்தை இயக்காமல் கையால் மெல்ல எறிந்து பார்த்தல். நேராகச் சறுக்கி இறங்கினால் நன்று. மேலே துள்ளிப் பின் விழுந்தால் வாலிலுள்ள உயர்த்தியைச் சிறிது தாழ்த்தவேண்டும். மூன்றாவது, இயந்திரத்துடன் பறக்கவிடல். சுழலும் விசிறி விமானத்தை இடப்புறமாக இழுக்கும். ஆகவே இயந்திரத்தை ஓரிரு பாகை வலப்புறமாகவும் சற்றுக் கீழ்நோக்கியும் பொருத்துவர். நான்காவது, நல்ல உயரத்தில் நேரே செலுத்தி, கைப்பிடியை விட்டுவிட்டுப் பார்த்திருத்தல். எந்தப் பக்கம் சாய்கின்றதோ அதற்கு மாறாகச் சிறிது திருத்தம். பின்னர் இறக்கி, குறிப்புப் புத்தகத்தில் எழுதுதல். மறுநாள் மறுபடியும்.

இவ்வளவும் பொறுமையில்லாதவனாற் செய்யக்கூடிய காரியமா? பரீட்சை மண்டபத்தில் ஒரு வினாவுக்கு விடை எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. ஆகாயமோ ஒவ்வொரு திருத்தத்திற்கும் உடனே புள்ளியிடும்; அதனிடம் சலுகை கிடையாது.

வானொலியின் வரவு

பட்டத்திற்கு நூலுண்டு. பெனோவின் பொம்மைக்கு நூலில்லை, ஆனால் கட்டுப்பாடும் இல்லை. கைவிட்டபின் அது காற்றின் சொத்து. நூலுமின்றிக் கட்டுப்பாடும் வேண்டுமெனில் என் செய்வது? அதற்கு விடையாக வந்தது வானொலி அலை.

1898-இல் நியூயோர்க் நகரில் நிக்கொலா டெஸ்லா, நீர்த்தொட்டியொன்றில் மிதந்த சிறு படகைத் தூரத்தில் நின்றபடி அலைகளால் திருப்பிக் காட்டினார். படகுக்கு முடிந்தது விமானத்திற்கு முடியப் பல ஆண்டுகள் சென்றன. அக்காலத்து வானொலிக் கருவி பெரிது. பற்றரி அதனினும் பெரிது. சிறு விமானம் அவற்றைச் சுமக்க இயலாது.

1937-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் வோல்ற்றர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர், 'கஃப்' என்ற பெயருடைய, எட்டடிச் சிறகுள்ள விமானத்தை வானொலியாற் செலுத்தி வெற்றி கண்டனர். ஒருவர் விமானம் கட்டுவதில் வல்லவர். மற்றவர் வானொலியில் வல்லவர். இருவரும் அப்போது இருபது வயதை ஒட்டிய கல்லூரி இளைஞர். அடுத்த ஆண்டு தேசியப் போட்டியில் அவர்களது விமானமே முதலிடம் பெற்றது. இன்று அது வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் விமான அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. லாங்லியின் மாதிரியையும் றைற் சகோதரரின் விமானத்தையும் வைத்துப் போற்றும் அதே நிறுவனத்தில் இரு மாணவர் செய்த விளையாட்டுப் பொருளுக்கும் இடம் கிடைத்தது.

தொடக்ககாலத்துக் கட்டுப்பாடு மிக எளியது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சுக்கான் வலப்புறம் திரும்பும். விட்டால் நடுவுக்கு வரும். மறுமுறை அழுத்தினால் இடப்புறம் திரும்பும். அதனை இயக்கியதும் முறுக்கிய இறப்பர் நாடாவே. கடைசியாக எப்பக்கம் திரும்பியதென்பதை மறந்தவன் விமானத்தை மறக்கவேண்டியதுதான்! 1947-இல் திரான்சிஸ்ரர் கண்டுபிடிக்கப்பட்டபின் கருவிகள் சிறுத்தன. 1960-களில், கைப்பிடியை எவ்வளவு அசைக்கின்றோமோ அவ்வளவுக்குச் சுக்கானும் அசையும் முறை பரவியது. ஆயினும் ஓர் இடையூறு நீடித்தது. ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை இயக்கினால் இருவரின் விமானமும் கட்டுக்கடங்காது விழும். ஆகவே, அலைவரிசைக்கு ஒரு முளையென வைத்து, முளை யார் கையிலுளதோ அவரே பறக்கலாமென்று கழகங்கள் விதி செய்தன. 2000-களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹேட்ஸ் கருவிகள் வந்தபின்னரே, பலர் ஒரே வேளையில் அச்சமின்றிப் பறக்கவிட முடிந்தது.

இக்கலைக்கு இருண்ட பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் வரலாறாகாது. 1935-இல் பிரித்தானியர் 'ராணித் தேனீ' என்ற ஆளில்லா விமானத்தைப் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகச் செய்தனர். ஆண் தேனீயைக் குறிக்கும் 'ட்ரோன்' என்ற சொல் அதிலிருந்தே பிறந்தது என்பர். ஹொலிவூட்டில் மாதிரி விமானக் கடை நடத்திய நடிகர் றெஜினால்ட் டெனி, தம் பொழுதுபோக்கைத் தொழிற்சாலையாக்கி, இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஏறக்குறைய 15,000 இலக்கு விமானங்களைச் செய்தளித்தார். மரிலின் மன்றோ என்று பின்னாளிற் புகழ்பெற்ற பெண்மணி அத்தொழிற்சாலையில் வேலை செய்தவரே. விளையாட்டும் யுத்தமும் ஒரே மேசையில் உருவான காலமது.

கொழும்பு வானம்

நம் நகரத்திற்கு வருவோம். 1912-ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சு விமானி மார்க் பூர்ப் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து விமானம் ஓட்டிக் காட்டினார். 1925 டிசெம்பர் 16-இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. தந்திப் பகுதியின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு முதல் ஒலிபரப்பியை அமைத்தார் என்பது பிரசித்தம். யுத்தத்திற்குச் செய்த கருவி பாட்டுப்பாடிய அதிசயத்தைக் கண்ட நகரம் இது. 1935 நவம்பர் 27-இல் இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது. ஆக, விமானமும் வானொலியும் இந்நகரில் ஒரே தலைமுறைக்குள் வேரூன்றின.

ஆனால் நம் வானம் அச்சத்தையும் அறிந்தது. 1942 ஏப்பிரில் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. குதிரைப்பந்தயத் திடல் அப்போது யுத்த விமானத்தளமாகியிருந்தது. பின்னர் உள்நாட்டு யுத்தம் வந்தது. 2007 மார்ச் 26-இல் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தின்மீதும், 2009 பெப்ரவரி 20-இல் கொழும்பு நகரின்மீதும் விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் வந்தன. 2019 ஏப்பிரில் 21, மற்றுமொரு உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் குருதியில் நனைந்தது. நான்கு நாட்களின்பின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை ஆளில்லா விமானப் பறப்பு அனைத்தையும் இடைநிறுத்தியது. அந்நேரத்தில் அது வேண்டிய செயலே.

இவ்வரலாற்றின் நடுவே நம் தந்தையர் தலைமுறையை நினைத்துப் பாருங்கள். ஒரு தமிழ் இளைஞனின் பையில் கம்பிச்சுருளும் பற்றரியும் காணப்பட்டால் சோதனைச்சாவடியில் நூறு கேள்வி எழுந்த காலம் அது. வானொலிக் கருவியொன்றைப் பிரித்துப் பார்க்கும் ஆசையை, வீட்டிலுள்ள பெரியோரே அஞ்சி அடக்கிவைத்தனர். அவர்களைக் குறைகூற முடியாது. பிள்ளை உயிரோடு வீடு திரும்புவதே அன்று அவர்களுக்குப் பெரும் பரிசு. ஆயினும் அதனால் நாம் இழந்தது சிறிதன்று. பட்டத்திற்கு முச்சை கட்டிய விரல்கள் பொறிக்கு முச்சை கட்டியிருக்கவேண்டும். இடையில் ஒரு தலைமுறையின் நூல் அறுந்துபோயிற்று.

வெளியுலகில் அந்த ஆண்டுகளிலேயே அரியன நிகழ்ந்தன. 2003 ஓகஸ்டில் அமெரிக்கரான மேனார்ட் ஹில் என்பவரின் குழுவினர், ஐந்து கிலோகிராமுக்கும் குறைந்த மாதிரி விமானமொன்றைக் கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து அத்திலாந்திக் சமுத்திரத்தின்மேல் அனுப்பினர். அது ஏறக்குறைய 39 மணி நேரம் பறந்து, 3,030 கிலோமீற்றர் கடந்து, அயர்லாந்தின் கரையில் இறங்கியது. முன்னர் அனுப்பியவை யாவும் கடலில் மறைந்தன, இது ஐந்தாவது. அப்போது ஹில்லுக்கு வயது 77; கண்பார்வை பெரிதும் மங்கியிருந்தது. கண் தளர்ந்தவரின் விரல்கள் பல்சா மரத்தைத் தடவித் தடவிச் செம்மை செய்தன. பொழுதுபோக்கென்று சொல்லி இதனை ஒதுக்க யாருக்கு மனம் வரும்?

தமிழர் கதையும் ஒன்று கூறுவேன். சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. என்னும் தொழினுட்பக் கல்லூரி, அப்துல் கலாம் விமானப் பொறியியல் கற்ற இடம். அங்குள்ள 'தக்ஷா' என்ற மாணவர் குழுவிற்கு, மாதிரி விமானப் பறப்பில் நெடுங்கால ஈடுபாடுடைய நடிகர் அஜித்குமார் 2018-இல் ஆலோசகரானார். அவ்வாண்டு அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த போட்டியில் அக்குழு இரண்டாமிடம் பெற்றது. போட்டியின் பணி யாது? எட்டாத இடத்திலுள்ள நோயாளியிடமிருந்து இரத்த மாதிரியை ஆளில்லா விமானத்தில் எடுத்துவருதல். அன்று ஒரு நடிகரின் பொழுதுபோக்கு பீரங்கிக்கு இலக்குச் செய்தது. இன்று இன்னொரு நடிகரின் பொழுதுபோக்கு நோயாளிக்கு உதவும் முயற்சிக்குத் துணைசெய்தது. கருவி ஒன்றே, கருத்துத்தான் வேறு.

நாம் செய்யத்தக்கது

இளைஞர் நண்பர்களே! மட்டக்குளியில் களனி கங்கை கடலோடு கலக்கிறது. காக்கைத்தீவுக் கரையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நம் ஒழுங்கைகளில் வீடுகள் நெருங்கியவை, மின்கம்பிகள் தாழ்ந்தவை, வருவாய் குறைந்தவை. "இங்கே விமானமா?" என்று கேட்பது இயல்பே. எனினும், மூங்கில் ஈர்க்கும் திசுத் தாளும் கொண்டு பட்டம் கட்டத் தெரிந்த சிறுவனுக்கு, பொருட்பெட்டியில் வந்து குப்பையில் எறியப்படும் ரெஜிபோம் பலகையில் சறுக்குவிமானம் வெட்டக் கற்பிக்க எவ்வளவு செலவாகும்? ஒரு கத்தி, ஒரு பசைக் குப்பி, ஒரு துண்டு ஈயம். பெனோவிடம் இருந்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான். வானொலிக் கருவி ஒன்று மன்றத்துக்குப் பொதுவாக இருந்தால் பத்துப் பேர் முறைவைத்துப் பழகலாம்.

அதற்குமுன் ஒரு கடமை உண்டு. சட்டத்தை அறிந்து, அனுமதி வேண்டிய இடத்தில் அதைப் பெற்று, துறைமுகம், விமானத்தளம், சனநெருக்கம் ஆகியவற்றிலிருந்து விலகி, திறந்த வெளியில் யாவரும் காணப் பறக்கவிடுதல் வேண்டும். அச்சம் நிறைந்த வானத்தில் ஒளித்துப் பறப்பவன் தன்னை மட்டுமன்றித் தன் சமூகத்தையும் சந்தேகத்திற்கு உள்ளாக்குகிறான். யாவரும் காணப் பறப்பவனோ அயலவரின் அச்சத்தையும் மெல்ல மெல்லத் தணிக்கிறான். சிங்களச் சிறுவனும் முஸ்லிம் சிறுவனும் கத்தோலிக்கச் சிறுவனும் அண்ணாந்து பார்க்கும் வானம் ஒன்றே. அங்கே நம் பிள்ளை செய்த சிறகு ஒன்று வட்டமிட்டால், கீழே நிற்போர் யாவரும் ஒரே திசையில் தலைதூக்குவர்.

பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை கம்பியும் பற்றரியும் பரப்பிவைத்து மேசையை அலங்கோலம் செய்தால், இனிப் பழைய அச்சத்தோடு அதனை வாரி ஒதுக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து, முச்சை கட்டும் வித்தையைச் சொல்லிக்கொடுங்கள். அறுந்த நூலை முடிவதற்கு உங்கள் கையும் வேண்டும்.